அண்டர்வுட்டைச் சுருக்கும் வித்தை

‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகில் பழைய டைப்ரைட்டர்களை அச்சு அசலாகச் செய்து மேசைமேல் வைக்கிறார்கள். அவற்றில் எது உயர்ந்த வேலை என்பதை, செய்தவர் எதையெல்லாம் செய்யாமல் விட்டார் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். 2003இல் அந்த உலகம் திறந்தபோது கைவசம் இருந்தவை பெட்டி, உருளை, கோளம் போன்ற ‘பிரிம்’கள்தாம். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே எந்தப் பிரிமும் மெலியாது. பின்னர் பல ஆண்டுகள் 512 சதுர மீட்டர் மனைக்கு, வீடு, மரம், நாற்காலி எல்லாம் சேர்த்தே 117 பிரிம்தான் அனுமதி. 1900வாக்கில் வந்த அண்டர்வுட் 5க்கோ நாற்பதுக்கும் மேற்பட்ட கீகள். கீக்கு ஒரு பிரிம் என்றாலே மனையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போதாததற்கு, அது எதையும் ஒளிக்காத பொறி. தொடக்ககால ரெமிங்டனில் எழுத்து ரோலரின் அடியில் போய் மோதியதால் அடித்த வரி உடனே தெரியாது. அண்டர்வுட் முன்பக்கம் அடித்தது; வரி தெரிந்தது, அரைவட்டமாக அடுக்கிய எழுத்துக்கம்பிகளும் தெரிந்தன. மில்லிமீட்டர் கம்பியைச் சென்டிமீட்டர் பிரிமில் எப்படிச் செய்வது? கெட்டிக்காரர்கள் வழி, ஒளி ஊடுருவும் ஒற்றைப் பலகையில் கம்பிகளைப் படமாக ஒட்டிச் சாய்த்து வைப்பது. ரோலரையும் கேரியேஜ் கைப்பிடியையும் மட்டும் முழு உருவமாகச் செய்தால் போதும். அவற்றை நம்பிய கண் மற்றதையும் நம்பிவிடும். சோட்சாஸும் பெரி கிங்கும் வடிவமைத்து 1969இல் வெளிவந்த ஒலிவெட்டி வாலன்டைன் டைப்ரைட்டருக்கு இந்தப் பாடு இல்லை. அழகிதான், ஆனால் சிவப்பு பிளாஸ்டிக் ஓடு பாதி உறுப்புகளை மூடிக்கொள்கிறது.

2011இல் நுணுக்கமான உருவங்களை வார்க்கவிடும் ‘மெஷ்’ முறை வந்த பிறகு கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியே வார்க்கலாமே, இந்தச் சிக்கனம் இனி எதற்கு என்று கேட்கலாம். மெஷ்ஷுக்கும் மனைக்கணக்கு உண்டு. அதைவிட, எல்லா உறுப்பும் ஒரே கூர்மையில், ஒரே பளபளப்பில் நின்றால் பார்வை எங்கும் தங்காது. புத்தம்புதிதாக மின்னும் மாதிரிகள் பெரும்பாலும் இதில்தான் தோற்கின்றன. ஸ்பேஸ் பாரில் கட்டைவிரல் படும் ஓரிடம் மட்டும் தேய்ந்திருப்பதாகக் காட்டத் தெரிந்தவர், நூறு கம்பி வார்த்தவரைவிட மேல்.

எழுதாத டைப்ரைட்டர் வெறும் பொம்மைதானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. விரலை எதிர்க்கும் கீயின் கனம் அதில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் செகண்ட் லைஃபில் யாராவது அரட்டைக்காகத் தட்டச்சு செய்தால், அவருடைய அவதார் தானாகவே கைகளை உயர்த்தி வெற்றுவெளியில் விரலாட்டும். தட்டும் ஓசையும் கேட்கும். டைப் அடிக்கும் சைகை அங்கே ஏற்கெனவே இருக்கிறது, பொறிதான் இல்லை. அந்தக் கைகளுக்கு நேராக மேசை உயரத்தைக் கணக்கிட்டு அண்டர்வுட்டைப் பொருத்துவதும் கைவினையின் பகுதியே. உயரம் பிசகினால் விரல்கள் கேரியேஜுக்குள் புதைந்துவிடும்.