அழுத முகம், அழித்த கை

சோழபுரத்தில் என் சித்தி மகளின் நாத்தனாருக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, மேடையில் குடும்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி மகளுக்கு நான்கு வயதில் ஒரு பெண். விடியற்காலை நாலரைக்கே எழுப்பி, பட்டுப்பாவாடை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, தலை கொள்ளாத பூவும் நெற்றிச்சுட்டியும் மாட்டியிருந்தார்கள். மணி பத்தரை ஆகியும் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "பாப்பா, மாமாவைப் பாரு, சிரி" என்றார் போட்டோ எடுத்த தம்பி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் செல்போனில் கார்ட்டூன் காட்டினார். இன்னொருவர் சாவிக்கொத்தை ஆட்டினார். "சிரிக்கலேன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்" என்றார் ஒரு பெரியவர். அழ ஆரம்பித்துவிட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு அடம் ஆகாது" என்றார் அப்பாவைப் பெற்ற பாட்டி. அவளுடைய ஆறு வயது அண்ணன் ஒவ்வொரு படத்துக்கும் நாக்கை நீட்டினான். "சரியான வாலு" என்று மேடையே சிரித்தது. கடைசியில் சித்தி மகள் பின்னாலிருந்து குனிந்து, மகளின் தாடையைப் பிடித்து முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பி வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அதே படத்தில் பிள்ளை சிரிக்கிறாள். முந்தின நாள் வரவேற்பில் எடுத்த ஏதோ ஒரு படத்திலிருந்து முகத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நிறம் இரண்டு படி வெளுத்திருக்கிறது. தாடைக்குக் கீழே கை இல்லை. அந்த இடத்தில் கல்யாணப்பெண்ணின் சேலை மடிப்பு நீட்டப்பட்டிருக்கிறது. சித்தி மகள் பக்கத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என் கையைக் காணோமேக்கா. வளையலெல்லாம் போட்டிருந்தேனே" என்றாள்.

அந்தக் கையைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

தாயின் கையை மறைப்பது கணினி வந்த பிறகு பிறந்த வழக்கம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதியப் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். குழந்தை அசையும். ஆகவே மேற்கு நாடுகளில் தாய்மார்கள் திரைச்சீலையோ கம்பளமோ தலையோடு போர்த்திக்கொண்டு நாற்காலிபோல உட்கார, அவர்கள் மடியில் பிள்ளையை வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு நீள்வட்டச் சட்டம் போட்டு மிச்சத்தையும் மறைத்தார்கள். லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் என்ற கலைஞர் இப்படிப்பட்ட படங்களை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சேகரித்து, 'மறைந்திருக்கும் தாய்' என்ற பெயரில் 2013ஆம் ஆண்டு வெனிஸ் பினாலே கண்காட்சியில் வைத்தார். ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் சிரிப்பு வரும். வரிசையாகப் பார்த்தால் அது ஒரு ஏற்பாடு என்பது புரியும்: பிள்ளையைத் தாங்குவது தாய், படத்தில் அவளுக்கு இடம் கிடையாது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. ராஜபாளையத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த என் முதல் பிறந்தநாள் படம். ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கீழ் மூலையில் ஒரு சேலைக்கரை. விழுந்துவிடாமல் என்னைப் பிடித்தபடி கீழே குந்தியிருந்த அம்மா அது. அந்த வருஷத்தில் அம்மாவுக்கு வேறு படம் இல்லை.

அம்மாவின் சேலைக்கரையாவது தப்பிப் பிழைத்தது. இன்று அதுவும் தப்பாது. மூடிய கண்ணை வேறொரு படத்துக் கண்ணைக் கொண்டு திறக்கும் வசதி போட்டோஷாப் எலிமென்ட்ஸ் 2018 பதிப்பிலேயே வந்துவிட்டது. 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8 செல்போனில் 'பெஸ்ட் டேக்' என்று ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்து எடுத்த குழுப்படங்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் பிடித்த முகத்தைத் தேர்ந்து ஒரே படத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கண் சிமிட்டியவருக்கு அது நல்ல உதவிதான். ஆனால் கண் சிமிட்டுவதும் மறுப்பதும் ஒன்றா? பிள்ளை தெரியாமல் முகம் திருப்பவில்லை. பசி, தூக்கம், ஊசி குத்தும் சரிகை, அறியாத ஆளின் அதட்டல் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அவள் சொன்ன பதில் அது. அந்தப் பதிலைத்தான் பிழை என்று திருத்தியிருக்கிறார்கள்.

மறுக்கும் பிள்ளையை நம் இலக்கியம் எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க நான் தொலைதூரம் போகவேண்டியதில்லை. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவருடைய திருமொழியில் யசோதை கண்ணனைக் குளிக்கக் கூப்பிடுகிறாள், அப்பம் சுட்டு வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள். காது குத்தும் பகுதியில் பிள்ளையே வாய் திறந்து பேசுகிறது. கையைப் பிடித்திழுத்து வலுவாகக் கடிப்பைத் திருகினால் உனக்கென்ன நஷ்டம், நோவது என் காதல்லவா, என்னால் ஆகாது என்கிறது. பன்னிரு திருநாமங்களைச் சொல்லிச் செய்யும் சடங்குப் பாட்டுக்குள் அந்த மறுப்பும் பாட்டாகவே நிற்கிறது. இன்றைய காதுகுத்து ஆல்பங்களில் அதற்கு இடம் இருக்கிறதா?

ஆனால் அந்தப் பிள்ளை ஆண், கடவுளும்கூட. பின்னாளில் இலக்கணம் பெற்ற பிள்ளைத்தமிழ் இந்த வேறுபாட்டை விதியாகவே எழுதி வைத்தது. முதல் ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, ஊசல், அதோடு கழங்கு அல்லது நீராடல். சிற்றில் பருவத்தில், மணல்வீடு கட்டும் சிறுமியர் அதைச் சிதைக்காதே என்று ஆண்பிள்ளையிடம் கெஞ்சுகிறார்கள். சிதைக்கும் உரிமை அவனுக்கு. கட்டுவதும் கெஞ்சுவதும் அவர்களுக்கு. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் உலகையே ஆளும் தடாதகைக்குக்கூட நீராடலும் அம்மானையும் ஊசலும்தான். அண்ணன் நாக்கை நீட்டினால் வாலு, தங்கை முகம் திருப்பினால் அடம் என்று சோழபுரத்து மேடையில் கேட்டது இந்த விதியின் பேச்சுவழக்குதான். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சப்பாணி கொட்டு, முத்தம் தா, வா என்று பிள்ளைத்தமிழ் ஓயாமல் கேட்கும். பிள்ளை செய்துவிட்டதாகப் பொய்ப்படம் வரைவதில்லை.

அழுகை கல்யாணத்துக்கு ஆகாது, மங்கலம் கெடும் என்பார்கள். அதே ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களில் கல்யாணப்பெண் அழுகிறாள். பெண்ணை அனுப்பிவைக்கும் நேரத்தில் கண்ணீரை நெருங்கிப் படம் பிடித்து, வீடியோவில் மெதுவாக ஓடவிட்டு, சோகப்பாட்டும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே சிக்கல் கண்ணீரில் இல்லை. இணங்கிப் போகும் பெண்ணின் கண்ணீர் அழகு, இணங்காத பெண்ணின் கண்ணீர் அபசகுனம். நான்கு வயதில் தொடங்கும் பாடம் இது. நிறத்தை வெளுத்ததும் இதே பாடத்தின் இன்னொரு பக்கம். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் ஆல்பங்கள் இன்னும் எடுக்கவில்லை. தன் நிறமும் தன் கோபமும் படத்துக்கு உதவாதவை என்று அந்தப் பிள்ளை எந்தப் புத்தகமும் படிக்காமலே தெரிந்துகொள்வாள்.

போட்டோ எடுத்த தம்பியைக் குற்றம் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. சித்தி மகள் கேட்டதும் திருத்தாத படங்களை மறுபேச்சில்லாமல் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தவர் அவர். "வீட்ல அழுத படம் வேணாம்னாங்கக்கா. அஞ்சு நிமிஷம் கீழ உக்காந்து பாப்பாகூடப் பேசியிருந்தா அவளே பாத்திருப்பா. வரிசையில அம்பது பேரு நிக்காங்களே" என்றார். தரையில் உட்கார்ந்து பிள்ளையின் கண்மட்டத்துக்கு வரவேண்டும், சாப்பிட வைத்த பிறகு எடுக்கவேண்டும், சிரி என்று சொல்லவே கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேரம் கொடுக்காதது நாம். சாவிக்கொத்தை ஆட்டிய கூட்டத்தில் நானும் நின்றேன்.

திருத்தாத படத்தைச் சித்தி மகள் அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டாள். பிள்ளை வாயைத் திறந்து அழுகிறாள். தாடையில் வளையல் கை. அந்தக் கை தாங்குகிற கை என்று எண்ணித்தான் நானும் இவ்வளவு தூரம் வாதாடினேன். அவள் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

"இப்படியாக்கா அழுத்திப் பிடிச்சிருந்தேன்?" என்றாள்.

ஆல்பத்தில் கையை அழித்தபோது அவளுடைய பாடு மட்டும் அழியவில்லை. ஊரே சேர்ந்து அவள் கையால் செய்வித்த வலுக்கட்டாயமும் தடயமில்லாமல் போயிருந்தது. அந்தப் படம் இப்போது அவள் பீரோவில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது. அடுத்த கல்யாணத்தில் பிள்ளை மேடை ஏற மாட்டேன் என்றபோது அவள் இழுக்கவில்லை. இருவரும் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.