பதில் கடிதம் எங்கே? காந்தியடிகள் தம் மைந்தருக்கு எழுதியவை குறித்து

மதுரை தமுக்கத்தை அடுத்துள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், குருதி தோய்ந்த அந்த ஆடையின் முன் நாம் அமைதியாக நின்றிருக்கிறோம். 1921 செப்டம்பர் 22-இல் இதே நகரின் மேலமாசி வீதியில் அவர் அரையாடை பூண்ட வரலாற்றையும் நம் திருச்சபைகளில் எடுத்துரைக்கிறோம். ஆயினும் தேசத்தந்தை எனப் போற்றப்படும் அவர் நான்கு மைந்தருக்கும் தந்தை என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். ஹரிலால், மணிலால், ராமதாஸ், தேவதாஸ் ஆகியோருக்கு அவர் எழுதிய கடிதங்கள், 1958 முதல் 1994 வரை 100 தொகுதிகளாக வெளிவந்த அவருடைய எழுத்துகளுள் பரவிக் கிடக்கின்றன. அவற்றை மேற்கோளுக்காகப் புரட்டுவோர் பலர். ஒரு குடும்பத்தின் உரையாடலாக வாசிப்போர் சிலரே. அவ்வாறு வாசிக்கையில் எழும் ஒரு கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சிறந்ததைக் கூறுவோம். 1909 மார்ச் 25-இல் தென்னாப்பிரிக்கச் சிறையிலிருந்து பதினாறு வயது மணிலாலுக்கு அவர் எழுதிய கடிதம், தந்தையர் எழுதிய கடிதங்களுள் உயர்ந்த இடம் பெறத்தக்கது. எழுத்தறிவு மட்டும் கல்வியன்று. நற்பண்பும் கடமை உணர்வுமே கல்வி என்கிறார். நோயுற்ற தாயைப் பேணுவதும், சிறையிலிருக்கும் அண்ணனின் மனைவியை ஆதரிப்பதும், இரு தம்பியரைக் காப்பதும் கல்வியில் பாதிக்கு மேலானவை என்று மகனுக்கு உணர்த்துகிறார். கணக்கையும் சமஸ்கிருதத்தையும் கைவிடாதே, வீட்டுச் செலவுக்குக் கணக்கு வை என்று சிறு செய்திகளையும் மறவாமல் எழுதுகிறார். உயர்ந்த கொள்கையும் அன்றாடக் கவலையும் ஒரே தாளில் இத்துணை இயல்பாகக் கலப்பது அரிது. இக்கடிதத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் அதே தந்தை மூத்த மகனுக்கு எழுதியவற்றையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். ஹரிலால் கோழையல்லர், 1908 முதல் சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறை சென்று, 'சின்ன காந்தி' என்று அழைக்கப்பட்டவர். அவர் விரும்பியது முறையான கல்வி. இங்கிலாந்து சென்று படிக்க டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா அளித்த உதவித்தொகை தமக்குக் கிட்டாமல் வேறொருவருக்குச் சென்றது அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. 1911-இல் அவர் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். 1915 மார்ச் 31-இல் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, அதை அச்சிட்டு வழங்கினார்.

அக்கடிதத்தின் சாரம் யாது? தந்தை தீயவர் என்று மகன் கூறவில்லை. தாங்கள் பேச முற்பட்டபோதெல்லாம் தங்களுக்குச் சிந்திக்கும் ஆற்றலே இல்லை என்பதுபோல் தந்தை நடந்துகொண்டார் என்பதே அவருடைய முறையீடு. சர்க்கஸ் விலங்குகளைப் பழக்குபவரோடு தந்தையை ஒப்பிடும் அளவுக்கு அதில் கசப்பு உண்டு. சில இடங்களில் நியாயமற்ற கடுமையும் உண்டு. எனினும் ஒரு மகன் தான் கேட்கப்படவில்லை என்று கூறுவதற்கு, இன்னும் நன்றாக எழுதப்பட்ட அறிவுரை விடையாகுமா?

இங்கேதான் ஒரு திறனாய்வுச் சிக்கல் எழுகிறது. நூறு தொகுதிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் தந்தையின் குரலே. ஹரிலாலின் வாழ்க்கை வரலாற்றைச் சந்துலால் தலால் குஜராத்தியில் 1977-இல் வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2007-இல்தான் வந்தது. தந்தையின் சொல் உலகெங்கும் பரவ, மகனின் சொல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒதுங்கிக் கிடந்தது.

இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ், நாட்டின் தலைமையை எட்டாவிட்டால் அது உன் சோம்பலின் விளைவே என்ற பொருள்பட மூத்த மகனுக்கு 1794-இல் எழுதினார். அம்மகன் 1825-இல் குடியரசுத் தலைவரானார். ஆகவே அறிவுரை வென்றது என்று வரலாறு கூறுகிறது. இரண்டாம் மகன் சார்லஸோ குடிக்கு அடிமையாகி, 1799-இல் தந்தையால் துறக்கப்பட்டு, 1800-இல் தம் முப்பதாம் வயதில் இறந்தார். வென்ற மகனைக் கொண்டு கடிதங்களைப் புகழ்வோர், தோற்ற மகனின் பக்கத்தையும் திருப்பிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

காந்தியடிகள்மீது தீர்ப்புக் கூற நாம் அமரவில்லை. 1925 முதல் 1929 வரை எழுதிய தம் வரலாற்றிலேயே, பிள்ளைகளின் ஏட்டுக் கல்வியில் தாம் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதையும், அது அவர்களுக்கும் தமக்கும் வருத்தமே என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். எத்தனை தலைவர்கள் இவ்வாறு எழுதுவர்? ஆயினும் அந்த ஒப்புதல் வாசகர் அனைவருக்கும் எழுதப்பட்டது. 1936-இல் ஹரிலால் இஸ்லாத்தைத் தழுவியபோதும் தந்தையின் விடை 'ஹரிஜன்' இதழில் வெளியான அறிக்கையாகவே அமைந்தது; அது முஸ்லிம் நண்பர்களை விளித்து எழுதப்பட்டது. மகனைப்பற்றிய சொல் மகனை நோக்கிய சொல் ஆகாது. 1948 ஜனவரியில் தந்தை மறைந்தார். அதே ஆண்டு ஜூனில் ஹரிலாலும் மறைந்தார்.

திருமறையை வாசிக்கும் நமக்கு இச்சிக்கல் புதிதன்று. பவுலடியார் கொரிந்தியருக்குத் தந்தையாக எழுதுகிறார் (1 கொரி. 4:14, 15). ஆனால் அவர்கள் தமக்கு எழுதிய கடிதத்தையும் மதித்து, அதன் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார் (7:1). கடுமையாக எழுத நேர்ந்தபோது கண்ணீரோடு எழுதியதாகவும் கூறுகிறார் (2 கொரி. 2:4). லூக்கா 15-இல் வரும் தந்தையோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். இளைய மகனை அணைத்ததை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். சினங்கொண்டு வெளியே நின்ற மூத்த மகனிடம் அவர் தாமே எழுந்து சென்றதையும், அவன் குறைகூறலை முழுவதும் கேட்டபின்பே விடையளித்ததையும் அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை.

மதுரையிலும் சுற்றியுள்ள சமவெளிச் சேகரங்களிலும் ஊழியம் செய்யும் நமக்கு இது அறிமுகமான நிலை. மாற்றலாகும் ஊர்தோறும் பிள்ளைகளைக் கொண்டுசெல்ல இயலாமல் விடுதியில் விடுகிறோம். வாரம் ஒரு கடிதம் எழுதினோம், இன்று தொலைபேசியில் பேசுகிறோம். எழுதியதும் பேசியதும் பல வேளைகளில் ஞாயிறு பிரசங்கத்தின் மிச்சமே. ஊருக்கெல்லாம் செவிசாய்த்துக் களைத்த ஆயர், வீட்டில் மட்டும் போதகராகவே நீடிக்கிறார். ஆயர் இல்லத்தில் வளர்ந்து ஆலய வாசலை மிதிக்க மறுக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம்; அவர்களுள் சிலர் நம் சொந்தப் பிள்ளைகள்.

ஆகவே தந்தையரின் கடிதங்களை மதிப்பிட நாம் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே: அறிவுரை எவ்வளவு உயர்ந்தது என்பதன்று, பதில் எழுத மகனுக்கு எவ்வளவு இடம் விடப்பட்டது என்பதே. அந்த அளவுகோலை நம் இல்லங்களில் பயன்படுத்துவோமாக. நம் பிள்ளைகளிடமிருந்து ஒரு கசப்பான கடிதம் வருமானால், அதைத் திருத்த முற்படுமுன் ஒருமுறை முழுவதும் வாசிப்போமாக.