கரி அள்ளிய கைகளும் அரசவை மையும்

சீன மைக்கட்டிகளைப் பற்றி எழுதும்போது கலை வரலாற்றுக்காரர்களுக்கு ஒரு கிறக்கம் வந்துவிடுகிறது. டிராகன் உருவம், தங்கப் பூச்சு, அரக்குப் பெட்டி. 'அரசவைக் கலை' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்மேல்தான் சந்தேகம். கல்லில் நீர் விட்டு உரைத்தால் கரைந்துபோக வேண்டிய பண்டம் அது. உரைக்க உரைக்க டிராகனும் போகும், தங்கமும் போகும். அப்புறம் அலங்காரம் யாருக்கு? உரைக்காமலே வைத்திருக்க முடிகிறவனுக்கு. எழுதும் பொருளை எழுதவிடாமல் தடுத்து வைப்பதே இங்கு அதிகாரத்தின் சொல்லாடலாகிறது.

மிங் ஆட்சியின் பிற்பகுதியில் ஹுய்ஜோ வட்டாரத்தில் ஃபாங் யூலூ, செங் ஜுன்ஃபாங் என்ற இரு மை வணிகர்களுக்குள் கடும் போட்டி. ஃபாங் 1588இல் தன் மைக்கட்டி வடிவங்களைப் படப்புத்தகமாகவே அச்சிட்டார். செங் 1600களின் தொடக்கத்தில் பதிலுக்கு ஒன்று போட்டார். ஏசு சபைப் பாதிரி மத்தேயோ ரிச்சி தந்த பைபிள் படங்கள்கூட அதில் உண்டு. பிறகு சிங் காலத்தில் அரச தோட்டத்து மண்டபங்களை 64 கட்டிகளில் அச்சுவார்த்து ஒரு தொகுதி செய்தார்கள். பேரரசர் சியான்லூங்கின் கவிதைகளும் கட்டிகளின்மேல் ஏறின. கவிதை எழுத மை என்பது போய், மைமேல் கவிதை.

சரி, கரி அள்ளினது யாரு?

சுங் யிங்ஷிங் 1637இல் வெளியிட்ட 'தியன்குங் காய்வு' என்ற தொழில்நூலில் கொஞ்சம் விடை இருக்கிறது. பைன் கட்டை எரிக்க, படகின் கூண்டுபோல மூங்கிலால் நீண்ட அறை கட்டுவார்கள். இடுக்குகளைக் காகிதம் ஒட்டி அடைப்பார்கள். பல நாள் எரித்து, ஆறவிட்டு, உள்ளே நுழைந்து சுரண்டவேண்டும். நெருப்புக்கு வெகுதூரத்தில் படிந்த கரி உசத்தி மைக்கு. நடுவில் படிந்தது சாதா மைக்கு. நெருப்பை ஒட்டிப் படிந்தது புத்தகம் அச்சடிப்பவர்களுக்கு. அதிலும் கழிந்தது அரக்குப் பூசுகிறவனுக்கும் சுவர் பூசுகிறவனுக்கும். புகைக்குக்கூட வர்ணாசிரமம்! எண்ணெய் விளக்குக் கரி என்றால், கைவேகமுள்ள ஒரே ஆள் 200 விளக்குகளைக் கவனிப்பானாம். சுணங்கினால் கரி முற்றிக் கெட்டுவிடும். அவன் நெஞ்சுக்குள் படிந்த கரி எந்தத் தரமோ, நூல் பேசவில்லை.

இதைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஏன் பேசவேண்டும்? தி. நகர் ஸ்டேஷனரி கடையில் படம் வரைகிறவர்கள் கேட்டு வாங்கும் 'இண்டியன் இங்க்' இந்தச் சீன மையின் வாரிசுதான். பெயர் வைத்தவன் ஆங்கிலேயன். அதே மையைப் பிரெஞ்சுக்காரன் சீன மை என்கிறான். நம்மூர் மைக்கும் மூலம் விளக்குக் கரியே. ஆனால் ஓலையில் எழுதுவது மையல்ல, எழுத்தாணி. கரி பின்னால் வந்து கீறலை நிரப்புகிறது. கண்ணுக்கு இடுவதற்கும் ஓலைக்குத் தடவுவதற்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம். விளக்கின்மேல் சட்டி கவிழ்த்து, படிந்ததை வழித்துக் குழைத்த பெண்களை எழுத்தின் வரலாற்றில் யாரும் தேடியதில்லை.

நம்மிடம் மை அரசவைக் கலை ஆகவில்லை. வேறு வழியில் புனிதமாக்கிக்கொண்டோம். சரஸ்வதி பூஜையன்று மயிலாப்பூர் வீடுகளில் புத்தகமும் பேனாவும் சந்தனம் குங்குமத்தோடு அடுக்கப்படும். அன்னைக்குப் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. ஒருநாள் மட்டும் எல்லோரும் சியான்லூங்! எழுத்து கைவசம் இருக்கிறவனுக்குத்தான் ஒருநாள் எழுதாமலிருப்பது விரதம். ஓலைக்காகப் பனை ஏறியவனுக்குத் தலைமுறை தலைமுறையாக அதே விதி, பூஜை இல்லாமலே.

1869இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இப்போது கோட்டூர்புரத்துக்கு, அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. அதன் பழைய விளக்க அட்டவணைகளைப் புரட்டினால் ஒவ்வொரு சுவடிக்கும் பொருள், அளவு, பக்கம், வரி, எழுத்து வகை, நிலை என்று வரிசையாகக் குறித்திருப்பார்கள். 'பொருள்: பனையோலை' என்பதோடு சரி. நூலாசிரியர் பெயர் இருக்கும். சிலவற்றில் ஏடு எழுதியவர் பெயரும் கிடைக்கும். ஓலையை வேகவைத்துப் பாடம் செய்தவர் இல்லை, கரி பிடித்தவர் இல்லை. மங்கிய ஓலைகளில் விளக்குக் கரியைத் தடவித் துடைத்து எழுத்தை எழுப்பும் வேலை இன்றைக்கும் நடக்கிறது. அதைச் செய்கிறவர் பெயரையாவது, தேதி போட்டு, அந்தச் சுவடியின் பதிவில் சேர்க்கச் சொல்லி நாம் கேட்கலாம்.