செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர்

மேசைக் கணினிக்கு ஏர் கூலரா, வாட்டர் கூலரா என்று கேட்டால் என் ஓட்டு காற்றுக்குத்தான். ஆஸ்திரியாவின் நாக்டுவா 2014-இல் கொண்டுவந்த என்ஹெச்-டி15-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். விசிறிகளோடு 1.3 கிலோ. இரண்டு அலுமினியத் தகடு அடுக்குகள், அவற்றை ஊடுருவும் ஆறு செம்புக் குழாய்கள். விசிறியின் பழுப்பு நிறத்தை மட்டும் அழகு என்று சொல்ல மனம் வரவில்லை.

வித்தை அந்தக் குழாய்க்குள் இருக்கிறது. உள்ளே கொஞ்சம் நீர். காற்றை உறிஞ்சிவிட்டு அடைத்திருப்பதால் அது 100 டிகிரிக்காகக் காத்திருப்பதில்லை. பிராசஸர் சூடேறியதுமே ஆவியாகிறது. ஆவி தகடுகள் பக்கம் ஓடி, சூட்டை இறக்கிவைத்துவிட்டு மறுபடி நீராகிறது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு அந்நீரை அடிக்கே இழுத்து வருகிறது. இந்தச் சுற்றுக்கு மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

வாட்டர் கூலரிலும் கடைசியில் சூட்டை வாங்கிக்கொள்வது ரேடியேட்டர் விசிறியின் காற்றுதான். ஆனால் நடுவே ஒரு பம்ப் ஓயாமல் ஓட வேண்டும். அது நின்றால் கதை முடிந்தது. இங்கே விசிறி போனால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

253 வாட் வரை இழுக்கும் இன்டெல் ஐ9-14900கே, மணிக்கணக்கில் வீடியோ ரெண்டரிங் என்றால் 360 மி.மீ. ரேடியேட்டர் நியாயம். வண்ண விளக்குக்காக மட்டும் வாங்குவது (பலர் அதற்குத்தான் வாங்குகிறார்கள்) வீண் செலவு.

டி15-இன் உயரம் 165 மி.மீ. காசு கொடுக்கும் முன் கேபினட்டின் அகலத்தையும் ரேம் உயரத்தையும் அளந்துவிடுங்கள்.