முதல் மணமும் வழி மணமும்

மணத்தை விரும்பாத இல்லம் நம்மிடையே இல்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புறப்படுவோர் தடவிக்கொள்ளும் அத்தரும், திருமண வீட்டில் தெளிக்கும் பன்னீரும், பெருநாள் காலையில் புத்தாடையில் ஏறும் நறுமணமும் நம் வாழ்வோடு கலந்தவை. ஆயினும் மணத்தைத் திறனாயும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. ஒரு கவிதையைச் சொல்சொல்லாக எடைபோடும் நாம், ஒரு சென்ட்டை முகர்ந்ததும் ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறோம். அல்லது விலையைக் கேட்டு வியக்கிறோம். விலைதான் மணத்தின் அளவுகோலா? உயர்ந்த விலைக்கு விற்கும் அசல், அதைப் பின்பற்றிய மலிவான ஒன்றைவிட அத்தனை மடங்கு சிறந்ததுதானா? வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் காலத்தில் இக்கேள்வி வீண் கேள்வியன்று.

இதற்கு விடை காண நம் இலக்கண மரபே துணை நிற்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்தனர் முன்னோர். முதல்நூலின் கருத்தை ஏற்று, தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். அதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. பிறர் நூலைத் தன் நூல் என்று சொல்வதுதான் களவு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு இரண்டு புட்டிகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, க்ரீட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ‘அவென்டஸ்’. நெப்போலியனின் வாழ்வை நினைந்து படைத்தது என்பது அந்நிறுவனத்தின் கூற்று. 100 மில்லி லிட்டர் புட்டியின் விலை 300 டாலருக்கும் மேல். மற்றொன்று, துபாயைச் சேர்ந்த ஸ்டெர்லிங் நிறுவனம் ‘அர்மாஃப்’ என்ற பெயரில் 2015இல் வெளியிட்ட ‘க்ளப் டி நுய் இன்டென்ஸ்’. 105 மில்லி லிட்டர் கொண்ட அது பெரும்பாலும் 30, 40 டாலருக்குக் கிடைக்கிறது. பின்னது முன்னதைத் தழுவியது என்பதை மணம் அறிந்த எவரும் மறுப்பதில்லை.

இரண்டையும் இரு மணிக்கட்டுகளில் தெளித்துப் பார்ப்போம். அவென்டஸ் அன்னாசியின் சாறும் எலுமிச்சை இனக் கனியின் தண்மையுமாகத் திறக்கிறது. பிறகு பூர்ச்ச மரத்தின் புகை மெல்ல எழுகிறது. இறுதியில் கஸ்தூரிச் சாயலும் மரப்பாசியின் ஈரமும் தங்குகின்றன. ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு அது நகர்வது, தேர்ந்த பாடகர் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு இழைவதைப் போன்றது. துபாய்ப் புட்டியோ முதலில் எலுமிச்சையின் கூர்மையால் மூக்கைக் குத்துகிறது. கனியின் கனிவு அதில் குறைவு. ஆனால் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். புகையும் மரமும் கஸ்தூரிச் சாயலும் வந்து சேர்ந்த பிறகு, இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. நீடித்து நிற்பதிலோ வழி மணம் முதல் மணத்திற்குத் தோற்பதில்லை. நம் வெயிலுக்கு அது ஈடுகொடுக்கிறது.

ஆக, அசலின் மேன்மை முதல் அரைமணியிலும், நிலைகள் மாறும் நேர்த்தியிலும் இருக்கிறது. அது மெய்யான மேன்மைதான். ஆனால் எட்டு மடங்கு, பத்து மடங்கு விலை தருபவருக்குப் பத்து மடங்கு மணம் கிடைப்பதில்லை. மிகுதிப் பணம் எங்கே போகிறது? புட்டிக்கும் பெட்டிக்கும், விளம்பரத்திற்கும் கடையின் பளிங்குத் தரைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயருக்கும் போகிறது. பெயரை முகர முடியாது.

அப்படியானால் முதலில் படைத்தவனுக்கு உரிமையே இல்லையா? இக்கேள்வி நீதிமன்றங்களையும் திணற வைத்திருக்கிறது. 2006 ஜூன் மாதத்தில், மூன்று நாள் இடைவெளியில், இரு நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் எதிரெதிராகத் தீர்ப்பளித்தன. மணம் படைப்பிலக்கியம் போன்ற உரிமைக்கு உரியதன்று என்றது பிரான்சு. லான்கோம் நிறுவனத்தின் ‘ட்ரெசோர்’ மணத்தை ஒத்த ஒன்றை மலிவாக விற்ற வழக்கிலோ, மணமும் காப்புரிமைக்கு உரிய படைப்பாகலாம் என்றது நெதர்லாந்து. 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம், ‘எங்கள் புட்டி இன்ன புகழ்பெற்ற மணத்தை ஒத்தது’ என்று ஒப்புப் பட்டியல் காட்டி விற்பது பிறர் புகழில் முறையற்ற ஆதாயம் தேடுவதாகும் என்று கண்டது.

நாம் காணும் எல்லைக்கோடு இதுதான்: தன் பெயரில், தன் முகவரியில், தன் விலையில் வரும் வழி மணம் வழிநூலைப் போன்றது, அதை வாங்குவதில் நாணத்தக்கது எதுவுமில்லை. அசலின் பெயரையும் முத்திரையையும் அப்படியே அச்சிட்டு வரும் ‘டூப்ளிகேட்’ களவு. அதன் உள்ளே இருப்பது இன்னதென்று யாரும் பொறுப்பேற்பதில்லை. அளவையில் மோசம் செய்பவனை வெறுக்கும் சமுதாயம், பெயரில் மோசம் செய்பவனிடம் தெரிந்தே சரக்கு வாங்கலாமா? அதைத் தெரியாத உறவினருக்கு அசலென்று பரிசளிப்பது இன்னும் பெரிய பிழை.

‘அசல்’ என்ற சொல்லையும் சற்றே ஆராய வேண்டும். இன்றைய சென்ட்டுகளில் கஸ்தூரியாக மணப்பது ஏறத்தாழ முழுவதும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அம்பரின் இடத்திலும் பெரும்பாலும் அதை ஒத்த செயற்கைப் பொருளே நிற்கிறது. மரப்பாசிச் சாற்றிலுள்ள, தோலுக்கு ஒவ்வாத கூறுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்ததால் பழைய கலவைகள் பல திருத்தப்பட்டன. ஒரே பெயரில் வரும் இன்றைய புட்டியும் அன்றைய புட்டியும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நம் அத்தர்க் கடையிலும் இதே கதைதான்: சந்தன எண்ணெயில் இறக்க வேண்டிய அத்தர், சந்தனத்தின் விலை ஏறியபின் பாரஃபின் எண்ணெயில் இறங்குவதுண்டு. அசலுக்குள்ளும் நகல் இருக்கிறது என்பதை அறிந்தவர் பெயரைக் கண்டு மயங்கமாட்டார்.

எனவே நம் முடிவு இது. மணத்தின் நுட்பத்தை முகர்ந்து மகிழத் தெரிந்தவரும், அவ்விலை கொடுத்தும் வீட்டுச் செலவில் குறை வராதவரும் அசலை வாங்கலாம். நல்ல படைப்புக்குத் தரும் மதிப்பு அது. அவர்களும் முதலில் 2 மில்லி லிட்டர் மாதிரிக் குப்பி வாங்கி, காகிதத்தில் அன்றித் தம் தோலில் தெளித்து, நான்கு மணி நேரம் கழித்து முகர்ந்து முடிவு செய்வது நலம். மற்றவர்க்குத் தன் பெயரில் வரும் வழி மணமே போதும். பாலை வெயிலில் உழைத்த மகன், ஊரார் பெயரைப் படித்து மெச்ச வேண்டும் என்பதற்காகத் தன் பல நாள் கூலியை ஒரு புட்டியில் அடைத்து வர வேண்டியதில்லை. அவன் தாய் முகர்வது மணத்தைத்தான், விலைச்சீட்டை அன்று.