யார்டைத் தாண்டாத லாரி

நெடுஞ்சாலைப் பக்கமே போகாமல் ஆயுள் முழுக்க உழைக்கும் லாரி ஒன்று உண்டு. துறைமுகங்களிலும் சரக்கு முனையங்களிலும் டிரெய்லர்களை இடம் மாற்றும் யார்டு டிராக்டர்.

அதன் வடிவமே எனக்குப் பிடிக்கும். ஒருவர் மட்டும் உட்காரும் கேபின். பின்புறம் ஒரு கதவு. ஓட்டுநர் தரைக்கு இறங்காமல், பின்மேடையில் நின்றபடியே காற்றுக் குழாய்களை மாட்டிவிடுவார். அவர் காலடியில் கிரீஸ் பூசிய கனத்த இரும்புத் தட்டு. பெயர் 'ஐந்தாவது சக்கரம்'. டிரெய்லரின் அடியில் நீட்டி நிற்கும் முளையான 'கிங்பின்' அதன் வாயில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். ஹைட்ராலிக் விசை தட்டை உயர்த்த, டிரெய்லரின் முன்கால்கள் தரையை விட்டு எழும். கைப்பிடியைச் சுற்றிக் கால்களை மேலேற்றும் வேலை மிச்சம்.

இந்த வண்டிக்கு மின்சாரம் அவ்வளவு பொருத்தம். குறுந்தூரம், குறைந்த வேகம், நாளெல்லாம் நின்று நின்று புறப்பாடு. டீசல் எஞ்சின் சும்மா காத்திருக்கும்போதும் புகை கக்கும். மின்மோட்டார் அப்போது மௌனமாக இருக்கும். புறப்படும் நொடியிலேயே முழு இழுவிசை தரும். பிரேக் பிடித்தால் ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். வேலை முடிந்து நிற்பதும் அதே யார்டில்தான். சார்ஜர் தேடி அலைய வேண்டாம்.

கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்கள், யார்டு டிராக்டர் உட்பட முனையக் கருவிகள் அனைத்தையும் 2030-க்குள் புகையற்றவையாக்க 2017-இல் இலக்கு வைத்தன. சுற்றிலும் குடியிருப்புகள். அங்குள்ளவர்களின் மூச்சுக்காற்றுக்கும் சேர்த்தே உழைக்கிறது இந்தக் குட்டை லாரி.