மேடையில் சுருதி சேர்த்த காலம்

நம் வட்டத்தின் வெள்ளிவிழா மலருக்குத் தொண்ணூறுகளின் எமோ, இண்டி ராக் பாணிகளைப் பற்றியும் அவற்றின் தரத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். எந்தப் பாணியை விட்டால் யார் கோபித்துக்கொள்வார் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது. தலைவர் பழுத்த வாஷிங்டன் பாணிக்காரர். பொருளாளர் சியாட்டிலைத் தவிர வேறெதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அடியேன் இல்லினாய்ஸ் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே இது நடுநிலையான கட்டுரை என்று யாரும் நம்பப்போவதில்லை, நானும் அப்படிச் சொல்லிக்கொள்ளப்போவதில்லை. எமோ என்றால் என்ன, அது பங்க்கிலிருந்து எப்படிக் கிளைத்தது என்ற பாலபாடமும் நம் உறுப்பினர்களுக்குத் தேவையில்லை. நேரே பரம்பரைகளுக்குப் போய்விடுகிறேன்.

மூலவர்கள் வாஷிங்டன்காரர்கள். இதில் தலைவரோடு எனக்கு வழக்கில்லை. 1985-இல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் தங்கள் ஒரே முழு ஆல்பத்தை டிஸ்கார்ட் ரெக்கார்டு கம்பெனியில் வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டே கலைந்தும் போனார்கள். அதிலிருந்த கை பிச்சியோட்டோவும் பிரெண்டன் கேன்டியும் இயன் மெக்கேயோடு ஃபுகாஸியில் சேர்ந்தார்கள். கச்சேரிக்குப் பெரும்பாலும் 5 டாலர்தான், எந்த வயதுக்காரரும் வரலாம் என்று ஒரு குழு கடைசி வரை பிடிவாதமாக நின்றதே, அதுதான் தரம் என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் முதல் உதாரணம். இன்று டிக்கெட்டின் மேல் போடும் சேவைக் கட்டணமே அதைத் தாண்டிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் மேடை ஏறவில்லை, கலைந்துவிட்டோம் என்று அறிவிக்கவும் இல்லை. பழைய கச்சேரிப் பதிவுகளை மட்டும் 2011-இலிருந்து நூற்றுக்கணக்கில் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் திரும்பி வந்த காலத்தில் திரும்பி வராதவர்கள் இவர்கள். தலைவருக்கு அதில் ஒரு பெருமை உண்டு, நியாயமான பெருமைதான்.

சியாட்டிலின் சன்னி டே ரியல் எஸ்டேட் நேர் எதிர். 1994-இல் சப் பாப் வெளியிட்ட ‘டைரி’ ஆல்பத்தைப் பற்றிப் பொருளாளர் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார், நான் அதன் மேல் எழுதுவது மரியாதையாகாது. ஆனால் பிரிவதிலும் சேர்வதிலும் இந்த மரபுக்கு வழிகாட்டி இவர்களே. இரண்டாவது ஆல்பம் கடைக்கு வருவதற்குள் குழு உடைந்து, நேட் மென்டலும் வில்லியம் கோல்ட்ஸ்மித்தும் ஃபூ ஃபைட்டர்ஸுக்குப் போனார்கள். 1997-இல் ஒட்டு, 2001-இல் வெட்டு, 2009-இல் மறுபடி ஒட்டு. 2022-இல் மென்டல் இல்லாமலே மேடைக்கு வந்தார்கள். பாடகர் ஜெரமி எனிக்கின் குரல் ஏறும் அந்த உயரத்துக்கு இன்றுவரை சரியான வாரிசு வரவில்லை என்பதைப் பொருளாளரோடு சேர்ந்து நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜாபிரேக்கர் குழுவின் விஷயம் நம் வட்டத்தில் இன்னும் ஆறாத புண். 1994-இன் ‘24 ஹவர் ரிவெஞ்ச் தெரபி’யை ஏறக்குறைய வேதமாகக் கொண்டவர்கள், மறு ஆண்டு பெரிய கம்பெனியில் ‘டியர் யூ’ வந்ததும் பாடகர் பிளேக் ஷ்வார்ட்சன்பாக்குக்குத் துரோகிப் பட்டம் கட்டினார்கள். குரல் மெருகேறிவிட்டதாம், கிட்டார் சுத்தமாகிவிட்டதாம். 1996-இல் குழு கலைந்தது. அதற்குப் பிறகு அதே ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். 2017-இல் சிகாகோ ரையட் ஃபெஸ்ட்டில் அவர்கள் திரும்ப வந்தபோது, அன்று பழித்தவர்களும் தொண்டை கிழியக் கூடவே பாடினார்கள். நம் உறுப்பினர்கள் இருவர் இந்த விவகாரத்தில் இன்னும் பக்கத்து நாற்காலிகளில் உட்காருவதில்லை, பெயர் வேண்டாம்.

டெக்சஸின் மினரல், டென்வரின் கிறிஸ்டி ஃபிரன்ட் டிரைவ், நியூயார்க்கின் டெக்சஸ் இஸ் த ரீசன், கேன்சஸ் சிட்டியின் கெட் அப் கிட்ஸ், அரிசோனாவின் ஜிம்மி ஈட் வேர்ல்ட் எல்லாருக்கும் வணக்கம். லூயிவிலின் ஸ்லின்ட், ஸ்டாக்டனின் பேவ்மென்ட் ஆகியோருக்கும் அப்படியே. பக்கம் போதாது.

இனி எங்கள் வீடு.

இல்லினாய்ஸ் பாணியின் வேர் சிகாகோவின் வடமேற்குப் புறநகரில் இருக்கிறது. கேப்’ன் ஜாஸ் 1989-இல் தொடங்கியபோது டிம் கின்செல்லா பள்ளிப் பையன், டிரம்ஸில் உட்கார்ந்த தம்பி மைக்குக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். 1995-இல் ஒரே ஆல்பம், அதே ஆண்டு முடிவு. ஆனால் அந்த ஒரு மரத்திலிருந்து கிளைத்தவற்றைப் பாருங்கள். டேவி வான் போலன் மில்வாக்கிக்குப் போய் பிராமிஸ் ரிங் நடத்தினார். டிம் ஜோன் ஆஃப் ஆர்க்கை எடுத்துக்கொண்டார். பழைய ஆட்கள் பலர் 2001-இல் அவுல்ஸ் என்று மறுபடி கூடினார்கள். மைக், படிக்க வந்த இடத்தில், அமெரிக்கன் ஃபுட்பால்.

அவர் படிக்க வந்த ஊர்தான் அர்பானா-ஷாம்பெய்ன், நான் மேற்படிப்புக்கு வந்த ஊரும் அதுவே. சுற்றிலும் சோளக்காடு, நடுவில் பல்கலைக்கழகம், செய்வதற்கு வேறொன்றும் கிடையாது. ஹம், போஸ்டர் சில்ட்ரன், பிரெய்ட் எல்லாம் அங்கே விளைந்தன. பக்கத்து டேன்வில்லில் கையெழுத்துப் பத்திரிகை மாதிரி ஒரு சிற்றிதழ் நடத்திய மாணவர்கள் அதைப் பாலிவினைல் என்ற ரெக்கார்டு கம்பெனியாக வளர்த்தார்கள். 1998-இல் பிரெய்ட்டின் ‘ஃபிரேம் அண்ட் கேன்வஸ்’ அங்கிருந்துதான் வந்தது. அதை ஒலிப்பதிவு செய்தவர் வாஷிங்டன் ஜாபாக்ஸின் ஜே. ராபின்ஸ். தலைவர் இந்த இடத்தில் புன்னகைக்கலாம்.

எனக்கு இந்த மரபைக் காது வழியாகக் கொடுத்தவர் எங்கள் அண்ணன், மதுரைக்காரர், எனக்கு மூன்று வகுப்பு மூத்தவர். தன் பெயர் எதிலும் அச்சாகக் கூடாது என்பவர், அதனால் இங்கேயும் அண்ணன்தான். அவரிடம் ஒரே ஒரு கிட்டார் இருந்தது. வாடகை வீட்டின் பேஸ்மென்டில், துணி உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் பாடம் நடக்கும். பாடம் என்றால் விரல் வைப்பது அல்ல, சுருதி சேர்ப்பது. அமெரிக்கன் ஃபுட்பாலின் பெயர் பெற்ற ட்யூனிங்கை நம் பிள்ளைகள் இன்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ. அண்ணன் ஒப்பிக்க விடமாட்டார். தடித்த ஈ தந்தியை அரை ஸ்வரம் ஏற்ற வேண்டும், டி தந்தியை முழு ஸ்வரம் இறக்க வேண்டும், பி தந்தியை அரை ஸ்வரம் ஏற்ற வேண்டும், மற்ற மூன்றையும் தொடக் கூடாது. இரண்டு தந்தி இறுகி ஒன்று தளரும்போது கழுத்தின் இழுவிசை மாறும், நீங்கள் தொடாத மூன்றும் தாமாகவே கொஞ்சம் விலகும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். கடைசியில் ஆறு தந்தியையும் வெறுமனே மீட்டினால், விரலே வைக்காமல், அமெரிக்கன் ஃபுட்பாலின் முதல் ஆல்பத்தின் மொத்த மனநிலையும் அறையில் நிற்கும். ட்யூனரின் ஊசியை நான் எட்டிப் பார்த்தால் அதட்டுவார்: “ஊசியப் பாக்காதடா, காதக் குடு!”

அந்த ஆல்பம் 1999 செப்டம்பரில் வந்தது, மறு ஆண்டு குழு இல்லை. படிப்பு முடிந்தது, ஊரைக் காலி செய்தார்கள், அவ்வளவுதான். சண்டை இல்லை, அறிக்கை இல்லை. இரண்டு கிட்டார்கள் வேறு வேறு எண்ணிக்கையில் சுற்றி வந்து ஓரிடத்தில் கைகோப்பதும், டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டீவ் லாமோஸே டிரம்பெட்டை எடுத்து ஊதுவதும் அப்போது எத்தனை பேர் காதில் விழுந்தது? குழு இல்லாத பதினான்கு ஆண்டுகளில்தான் அந்த ஆல்பம் வளர்ந்தது. கைமாறிக் கைமாறி, கணினி மாறிக் கணினி மாறி, அது வந்த வருடத்தில் பாலாடையில் பால் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஃபிலடெல்ஃபியாப் பக்கத்து ஆல்ஜெர்னான் காட்வாலடர் முதலான அடுத்த தலைமுறை முழுக்க கின்செல்லா வீட்டுப் பாடாந்தரம்தான். 2014-இல் மறுபதிப்பு வந்து குழுவும் கூடியபோது, நியூயார்க் வெப்ஸ்டர் ஹாலில் முதலில் அறிவித்த நாள் தீர்ந்துபோய் மேலும் நாள்கள் சேர்த்தார்கள். லாமோஸ் அதற்குள் கொலராடோவில் பேராசிரியராகியிருந்தார். மினரல் கூடியதும், பிரெய்ட், அவுல்ஸ் இரண்டின் புது ஆல்பங்கள் வந்ததும் அதே 2014. 2016-இலும் 2019-இலும் அமெரிக்கன் ஃபுட்பால் புது ஆல்பம் தந்தார்கள். முதல் ஆல்பத்தின் அட்டைப் படத்திலிருந்த அர்பானா வெஸ்ட் ஹை ஸ்ட்ரீட் வீட்டை, இடிபடாமல் காக்க, 2023-இல் குழுவும் பாலிவினைலும் படம் எடுத்த கிறிஸ் ஸ்ட்ராங்கும் இன்னும் சிலரும் சேர்ந்து வாங்கியே விட்டார்கள். மாணவர் வாடகை வீடு நினைவுச் சின்னம் ஆகியது எங்கள் பாணியில் மட்டுமே என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

ஹம் குழுவும் 2020-இல் முன்னறிவிப்பே இல்லாமல் ‘இன்லெட்’ ஆல்பத்தைக் கொடுத்தது. மறு ஆண்டு டிரம்மர் பிரையன் செயின்ட் பியர் மறைந்தார். 2024 மே மாதம் சிகாகோவின் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியும் போய்விட்டார். ராயல்டி வாங்க மாட்டேன், வேலைக்குக் கூலி மட்டும் போதும் என்று கடைசி வரை இருந்த மனிதர். அவர்கள் வைத்துவிட்டுப் போன அளவுகோலை இப்போது யார் கையில் கொடுப்பது?

இங்கேதான் சொல்லத் தயங்குவதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய இளைஞர்களின் விரல் வேகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்களால் மாதக்கணக்கில் பிடிபடாததை அவர்கள் ஒரு மாலையில் வாசிக்கிறார்கள். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை, குறிப்பாக நம் உறுப்பினர்களின் பிள்ளைகளை நினைத்து எழுதவே இல்லை. ஆனாலும் மேடையில் சுருதி சேர்க்கும் வழக்கம் எங்கே போயிற்று? பாட்டுக்கொரு கிட்டார் வரிசையாக நிற்கிறது. ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்து சேர்த்துச் சேர்த்துக் கொடுக்கிறார். அதற்கும் வசதியில்லாதவர்கள் காலடியில் ஒரு பெடலை மிதிக்கிறார்கள், தந்தி அப்படியே இருக்க சுருதி மட்டும் இறங்கிவிடுகிறது. டிரம்பெட் லேப்டாப்பிலிருந்து வருகிறது. ஊதும் ஆள் இல்லை, ஊதல் மட்டும் உண்டு.

மூத்த குழுக்கள் சிலவற்றின் மேடையிலும் கிட்டார் வரிசை நிற்கிறதே என்று கேட்பார்கள். அவர்களுக்கு வயது ஐம்பதாகிறது, குனிந்து நிமிர முடியாது, அது வேறு.

அந்த இரண்டு நிமிட இடைவெளியில் என்ன இருந்தது என்று இவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் தந்தியை முறுக்குவார், இன்னொருவர் மைக்கில் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறுவார், கூட்டத்தில் ஒருவர் பதில் சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள், தந்தி இன்னும் சேராது. அடுத்த பாட்டு எது என்பதைத் தந்தி ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். இன்று பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சு விட இடமில்லை. காத்திருக்கத் தெரியாதவர்களுக்குக் கேட்கவும் தெரியாது. ஆல்பத்தை முழுதாகக் கேட்பதில்லை, வாங்கிய ரெக்கார்டைப் பிரிப்பதில்லை, உறை கசங்கினால் விலை போகாதாம். டிரம்மர் பெயர் தெரியாமல் குழுவின் பனியனைப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த அர்பானா வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், உள்ளே குடியிருப்பவர் தூங்குவாரா என்ற நினைப்பில்லை. என் மகன் ஃபோனில் பேசுவதில்லை, குறுஞ்செய்தி அனுப்புகிறான், அதிலும் பாதி படம். போன மாதம் நம் கூட்டத்தில் ஸ்லின்ட்டின் ‘ஸ்பைடர்லேண்ட்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே காபி மெஷினைத் தட்டினார்கள். தந்தியைப் பெடல் பார்த்துக்கொள்ளும் என்று விட்ட நாளிலிருந்து தொடங்கியதுதான் இதெல்லாம் என்றால் மிகை என்பார்கள். சொல்லட்டும்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் வாசிக்க வரும் குழுக்கள் ஆளுக்கு ஒரு கிட்டாரோடு மட்டும் மேடை ஏற வேண்டும், சுருதியை அங்கேயே காதால் சேர்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் நாம் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போடலாம். பொதுக்குழுவில் முன்மொழிய நான் தயார். அண்ணன் வழிமொழிய ஒப்புக்கொண்டிருக்கிறார், பெயர் மட்டும் குறிப்பேட்டில் ஏறக் கூடாதாம். அது விதிப்படி செல்லுமா என்பதைச் செயலாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.